சிவிங்கியின் மகள்

சாட்சிக் கூண்டில் நின்ற பெண் அழத் தொடங்கியதும் நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். எல்லோரும் காத்திருந்தார்கள். சுருக்கெழுத்துக்காரி விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து விரல்களை ஒவ்வொன்றாக முறித்துக்கொண்டாள். குடும்ப நீதிமன்றத்தில் அவளுக்கு இருபத்திரண்டு வருட வேலை. யார் எவ்வளவு நேரம் அழுதாலும் அதற்கு எழுத வேண்டியது ஒரே வரிதான்: சாட்சி உணர்ச்சிவசப்பட்டதால் விசாரணை சற்று நிறுத்தப்பட்டது. அந்த வரியைத் தட்டி முடித்து நிமிர்ந்தபோது வாசலில் ஒரு பெண் நின்றிருந்தாள். இருபது, இருபத்தொரு வயதிருக்கும். கதவு நிலை உயரமாகத்தான் இருந்தது. இருந்தும் உள்ளே எட்டிப் பார்க்கும்போது தலையை லேசாகக் குனிந்துகொண்டாள். சின்ன வயதிலிருந்தே மற்றவர்களைவிட ஒரு தலை உயரமாக வளர்ந்தவர்களுக்கு வரும் பழக்கம் அது. அந்த நீண்ட கழுத்தை ஊர்க்கூட்டத்துக்கு நடுவில் பார்த்திருந்தாலும் சுருக்கெழுத்துக்காரிக்கு அடையாளம் தெரிந்திருக்கும்.

மதிய இடைவேளைக்கு நீதிபதி எழுந்து போனதும் அந்தப் பெண் மேசை அருகில் வந்தாள்.

"நீங்கதானே தந்தி ஆண்ட்டி?"

அந்தக் கட்டடத்தில் அவள் 'ஸ்டெனோ அம்மா'. தந்தி என்று அவளைக் கூப்பிட்டு எத்தனையோ வருடமாகிவிட்டது. பெண்கள் கல்லூரி விடுதியில் வைத்த பெயர் அது. காதில் விழுந்த செய்தி அரை நிமிடத்தில் அவள் வாய்க்கு வந்துவிடும், அடுத்த அரை நிமிடத்தில் விடுதி முழுக்கப் போய்விடும். அதற்காக வைத்தது. வைத்தவள் இந்தப் பெண்ணின் அம்மா. பதிலுக்குத் தந்தி அவளுக்கு வைத்த பெயர் ஒட்டகச்சிவிங்கி. கூப்பிட நீளமாக இருக்கிறது என்று ஒரே வாரத்தில் ஒட்டகத்தை அவிழ்த்து விட்டுவிட்டார்கள். சிவிங்கி மட்டும் மிஞ்சியது. "நல்லதாப் போச்சுடி, சிவிங்கின்னா புலி" என்று அவள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வாள்.

"அம்மா ஃபோன்ல உங்க பேரு அப்படித்தான் இருக்கு. உங்க நிஜப் பேரு எனக்குத் தெரியாது. அம்மாவோட காலேஜ் சிநேகிதி ஒருத்தங்ககிட்ட கேட்டேன், இந்தக் கோர்ட்ல ஸ்டெனோன்னாங்க" என்றாள் மகள்.

நீதிமன்றத்துக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட கேன்டீன். கறுப்புக் கோட்டுகளை நாற்காலி முதுகில் தொங்கவிட்டு வக்கீல்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தந்தி இரண்டு டீ வாங்கி மூலை மேசைக்குக் கொண்டுவந்தாள். மகள் பல் மருத்துவம் படிப்பதாகவும், மூன்றாவது வருடமென்றும், விடுதியில் இருப்பதாகவும் சொன்னாள். "லீவு விட்டாலும் வீட்டுக்குப் போறதில்ல. அப்பா மட்டும்தானே இருக்காரு." அதைச் சொன்ன தொனியில் கோபம்கூட இல்லை. மூடிய கடையைத் தாண்டிப் போகிறவர் பேசுவதுபோல இருந்தது.

சிவிங்கி இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. மார்பில் வந்த கட்டியை எட்டு மாதம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள் என்று கேள்வி. கல்லூரித் தோழிகளின் வாட்ஸப் குழுவில்தான் தந்திக்குச் செய்தி வந்தது. அன்று முழுக்க ஆளாளுக்கு அவளைப் பற்றி எழுதித் தள்ளினார்கள். அவள் பாடிய பாட்டு, அடித்த லூட்டி, வார்டனை ஏமாற்றிய வித்தைகள். தந்தி மட்டும் ஒன்றும் எழுதவில்லை. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு வெளியே வந்து ஒரு கும்பிடு படத்தைப் போட்டுவிட்டு ஃபோனைக் கவிழ்த்து வைத்தாள்.

"அறுபத்து மூணு மெசேஜ் ஆண்ட்டி. எல்லாத்தையும் படிச்சேன்" என்றாள் மகள். "அம்மா பாடுவாங்களாம். நாடகத்துல ராஜாவா நடிச்சாங்களாம். அவங்க வந்தாலே ஹாஸ்டல் கலகலன்னு ஆயிடுமாம். இதுல வர்றவங்க யாருன்னே எனக்குத் தெரியல. எங்க வீட்ல இருந்தவங்க வேற ஆளு." டீ கிளாஸை மேசையில் மெதுவாகச் சுற்றினாள். "அம்மா காலேஜப் பத்திப் பேசினா உங்க கதையாத்தான் இருக்கும். தந்தி இப்படிப் பண்ணா, தந்தி அப்படிச் சொன்னான்னு. நீங்க மட்டும் குரூப்ல எதுவுமே எழுதல. மனசு தாங்கலபோலன்னு நினைச்சேன். அதான் நேர்லயே வந்துட்டேன். சொல்லுங்க."

தந்தி சொன்னாள். முதலில் தயங்கித் தயங்கி. பிறகு மடை திறந்த மாதிரி. விடுதிச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் பின்னால் ஒரு மதில் இருந்தது. பெண் பிள்ளைகள் வெளியே பார்க்கக் கூடாதென்றே கட்டிய உயரம். சாயங்காலம் நான்கு மணிக்கு சிவிங்கி அதன் அடியில் இரண்டு செங்கல்லைப் போட்டு ஏறி நிற்பாள். தலை மட்டும் வெளியே தெரியும். கீழே பத்துப் பதினைந்து பேர் பாத்திரம் கழுவுகிற சாக்கில் கூடி நிற்பார்கள். "வெளியே என்னடி நடக்குது?" என்று யாராவது கேட்டதும் நேர்முக வர்ணனை தொடங்கும். சைக்கிளில் ஒரு மீசைக்காரர் வருகிறார், பின்னால் மனைவி, இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை, காலையில் சண்டை, சண்டைக்குக் காரணம் மனைவியின் தம்பி. ஒரு நாய் எதிர்வீட்டுப் படியில் படுத்திருக்கிறது, அது அந்த வீட்டு நாய் இல்லை, அந்த வீட்டு நாயைப் பார்க்க வந்த நாய். முக்கால்வாசி புளுகு. தெருவில் ஈ காக்கை இல்லாத நாளிலும் அவளுக்கு ஒரு ஊர்வலமே தெரியும். ஒருநாள் வர்ணனையின் நடுவில் குரல் மாறாமல், "கீழே, கண்ணாடி போட்ட குண்டு அம்மா ஒருத்தர் இடுப்பில் கை வச்சுக்கிட்டு வந்துக்கிட்டிருக்காங்க" என்றாள். எல்லோரும் மதிலுக்கு அந்தப்பக்கம் என்று நினைத்துச் சிரித்தார்கள். வார்டன் இந்தப்பக்கம் நின்றிருந்தார்.

மகள் மூக்கால் உறுமிக்கொண்டு சிரித்தாள். அது அப்படியே அம்மாவின் சிரிப்பு. பக்கத்து மேசை வக்கீல் திரும்பிப் பார்த்தார்.

தந்திக்கு ஏதோ திறந்துகொண்டது. காவலாளியின் சைக்கிளை இரவல் வாங்கி மைதானத்தில் சிவிங்கி தனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்ததைச் சொன்னாள். கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடிவருவாள். "விட்டுடாதடி" என்று இவள் கத்தினால், "விட்டுட்டேன்னு சொன்னா பிடிச்சிருக்கேன்னு அர்த்தம். பிடிச்சிருக்கேன்னு சொன்னாத்தான் நீ பயப்படணும்" என்பாள். ஆண்டு விழா நாடகத்தில் ராஜாவாக நடித்ததற்குக் கரியால் வரைந்த மீசையை மூன்று நாள் அழிக்காமல் வகுப்புக்கு வந்ததைச் சொன்னாள். கேட்ட ஆசிரியையிடம், "நாடு இன்னும் என் கையிலதான் மேடம் இருக்கு" என்றாளாம். சொல்லச் சொல்லத் தந்தியின் முகம் தளர்ந்து இளகியது. வகுப்பு முடிந்து தடதடவென்று படியிறங்கும் முந்நூறு ஜோடிச் செருப்புச் சத்தம், ஒரே கண்ணாடி முன்னால் நான்கு முகம், மொட்டை மாடியில் காயும் துணிகளுக்கு நடுவில் படுத்துக்கொண்டு படித்த பாடம். இவ்வளவு சந்தோஷம் தனக்கும் இருந்ததா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. ஒரு கதையை மட்டும் அவள் எடுக்கவில்லை. பேச்சு தானாகவே அதைத் தாண்டிப் போனது.

"அம்மை கதைய விட்டுட்டீங்களே" என்றாள் மகள்.

தந்தி டீயைக் குடித்தாள். ஆறிப்போயிருந்தது.

"உங்களுக்கு அம்மை போட்டப்போ அம்மாதான் கூடவே இருந்தாங்களாமே. தனக்குச் சின்ன வயசுலயே வந்துருச்சு, மறுபடி வராதுன்னு வார்டன்கிட்ட புளுகிட்டு."

"ஆமா" என்றாள் தந்தி. வீட்டுக்குச் சொல்லி அனுப்பியும் யாரும் வரவில்லை. விடுதிக்குப் பின்னால் தனியாக இருந்த நோயறையில் பதினோரு நாள். சிவிங்கி தரையில் பாய் விரித்துப் படுத்துக்கொள்வாள். சொறிய விடாமல் கையைப் பிடித்துக்கொண்டு மதில் வர்ணனையை அங்கேயே சொல்வாள். தந்தி எழுந்து குளித்த நாலாம் நாள் சிவிங்கிக்குப் போட்டது. கல்லூரிகளுக்கு இடையிலான கைப்பந்துப் போட்டியில் அவள்தான் தலைவி, போட்டிக்குப் போகவில்லை. "புலிக்குப் புள்ளி வந்திருக்கு, அவ்வளவுதானே" என்றாள். அப்போது அவளைப் பார்த்துக்கொள்ள யார் இருந்தார்கள் என்று தந்தி யோசித்துப் பார்த்தாள். தனக்கு உடம்பு இன்னும் தேறவில்லை என்று மாடி அறையிலேயே இருந்துவிட்டது நினைவு வந்தது.

மகள் டீ கிளாஸைத் தள்ளி வைத்தாள். பிறகு, "அம்மாவுக்கு வேற யாராவது சிநேகிதங்க, சொந்தக்காரங்க இருந்தாங்களா ஆண்ட்டி? உங்களுக்குத் தெரிஞ்சு?" என்று கேட்டாள்.

"ஏம்மா?"

"எனக்கு ஆறு வயசு இருக்கும். அப்பா காலேஜுக்குப் பாடம் எடுக்கப் போகும்போது எங்கள உள்ள வச்சு வெளியே பூட்டிட்டுத்தான் போவாரு. தினமும். யார்கிட்டயும் சத்தம் போட்டுப் பேசமாட்டாரு, அடிக்கமாட்டாரு. பூட்டிட்டுப் போவாரு, அவ்வளவுதான். ஒருநாள் பூட்ட மறந்துட்டாரு. அம்மா ஒரு பையில துணிய அள்ளிப் போட்டுக்கிட்டு என்னையும் கூட்டிட்டு ஒரு வீட்டுக்குப் போனாங்க. அங்க ஒரு மீன் தொட்டி இருந்துச்சு. அதுல ஒரே ஒரு மீன். நான் அதையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்துல அப்பா வந்து நிக்கிறாரு." மகள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "அதுக்கப்புறம் அவரு பூட்ட மறக்கவே இல்ல. அது யாரு வீடும்மான்னு எத்தனையோ தடவ கேட்டிருக்கேன். தூரத்துச் சொந்தம்டி, அவங்க இப்ப உயிரோட இல்லன்னு சொல்லுவாங்க."

தகரக் கூரையில் காக்கை நடக்கும் சத்தம் கேட்டது. 'எனக்குத் தெரியலையேம்மா' என்று ஒரு வாக்கியம் தந்தியின் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. சொல்லிவிட்டால் யாருக்கும் எந்தக் காலத்திலும் தெரியப்போவதில்லை. தெரிந்தவர்களில் ஒருத்தி போய்ச் சேர்ந்தாயிற்று, மற்றவரிடம் இந்தப் பெண் கேட்கப்போவதில்லை. அந்த மீன் செத்து, தொட்டி உடைந்து, அந்த வீட்டையே மாற்றியாகிவிட்டது. ஆனால் 'உயிரோட இல்ல' என்ற சொல் அவளை அங்கேயே ஆணி அடித்து நிறுத்திவிட்டது.

"அது என் வீடு" என்றாள்.

மகளுக்குப் புரியவில்லை. "எது?"

"மீன் தொட்டி இருந்த வீடு. உங்கப்பாவுக்கு ஃபோன் பண்ணது நான்தான்."

பதினைந்து வருடத்துக்கு முன்னால் ஒரு வாரநாள், பிற்பகல் இரண்டு மணி. மகனுக்குக் காய்ச்சல் என்று தந்தி விடுப்பில் இருந்தாள். கதவைத் திறந்தால் சிவிங்கி. ஒரு கையில் ரெக்சின் பை, இன்னொரு கையில் குழந்தை. நான்கு வருடமாகப் பார்க்காத முகம். கழுத்து மட்டும் அதே உயரத்தில் இருந்தது, மற்றதெல்லாம் வற்றிப்போயிருந்தது. "ரெண்டு நாள் இருந்துட்டுப் போறேன்டி. அப்புறம் ஒரு வழி பார்த்துக்கறேன்" என்றாள். தந்தி சாப்பிடக் கொடுத்தாள். சாப்பிடும்போதே சிவிங்கிக்குக் கண் சொருகியது. "இந்தக் கட்டில்ல கொஞ்சம் சாயட்டுமா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் படுத்தாள், படுத்த மாத்திரத்தில் தூங்கிப்போனாள். தந்தி சமையலறைக்கு வந்தபோது மாமியார் தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல், "எத்தனை நாளைக்காம்?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார்.

மாமியார்மேல் பழியைப் போடலாம். இத்தனை வருடமாக அப்படித்தான் போட்டு வைத்திருந்தாள். இரண்டே அறை, கணவன் ஆறு மணிக்கு வந்துவிடுவான், வந்தால் என்ன சொல்வது. அதையும் சேர்த்துக்கொள்ளலாம். தினமும் இந்த வழக்குகளைத் தட்டச்சு செய்கிறவள் என்ற தலைக்கனமும் இருந்தது. பிரிந்து வந்தவர்கள் என்ன பாடுபடுகிறார்கள் என்று தனக்குத் தெரியும், சொன்னால் சிவிங்கியின் கணவனும் திருந்துவான், படித்தவன்தானே என்று. ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் வேறு ஒன்று கிடந்தது. அதைத் தந்தி யாரிடமும் சொன்னதில்லை. கல்லூரி முழுக்க யாரைச் சுற்றிக் கூட்டம் கூடியதோ, யாருடைய சிநேகிதி என்பதாலேயே தன்னையும் நான்கு பேருக்குத் தெரிந்ததோ, அவள் இன்று தன் வாசலில் பையோடு நிற்கிறாள். அதைப் பார்த்தபோது ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, உள்ளே இனித்தது. அந்த இனிப்புத்தான் ஃபோனை எடுக்கவைத்ததோ என்னவோ. பழைய வாழ்த்து அட்டை ஒன்றின் பின்பக்கம் அவன் கல்லூரி எண் சிவிங்கியின் கையெழுத்திலேயே இருந்தது. அவன் மிக மரியாதையாகப் பேசினான். "ரொம்ப நன்றிங்க. உங்கள மாதிரி ஒரு சிநேகிதி கிடைக்க அவ கொடுத்து வச்சிருக்கணும்" என்றான்.

இவ்வளவையும் தந்தி மகளிடம் சொல்லவில்லை. பாதி சொன்னாள். மாமியாரைச் சொன்னாள், இரண்டு அறையைச் சொன்னாள், நல்லதென்று நினைத்துத்தான் செய்தேன் என்றாள். சொல்லும்போதே தன் குரல் கூண்டில் நிற்பவர்களின் குரலைப்போல இருப்பது அவளுக்கே கேட்டது.

"ஃபோன் பண்ணும்போது அம்மா என்ன பண்ணிட்டிருந்தாங்க?"

"தூங்கிட்டிருந்தா."

"எவ்வளவு நேரம் தூங்கினாங்க?"

"ரெண்டு மணி நேரம் இருக்கும்."

மகள் தலையை ஆட்டினாள். வெகுநேரம் ஆட்டிக்கொண்டே இருந்தாள். "நல்லா தூங்கினாங்களா?"

அன்று சிவிங்கி வாயைத் திறந்தபடி, ஒரு கையைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, விடுதியில் தூங்கியது மாதிரியே தூங்கினாள். மின்விசிறியின் வேகத்தை ஒரு தடவை தந்தியே போய்க் கூட்டிவைத்தாள். "நல்லா தூங்கினா" என்றாள்.

"எழுந்ததும் என்ன சொன்னாங்க?"

"உங்கப்பா கூடத்துல உட்கார்ந்து காப்பி குடிச்சிட்டிருந்தாரு. அவரப் பார்த்தா. அப்புறம் என்னப் பார்த்தா. முகம் கழுவிட்டு வர்றேன்னு போனா. என் சீப்ப எடுத்துத் தலை வாரிக்கிட்டா. கிளம்பும்போது..." தந்தி நிறுத்தினாள். "உனக்குச் சிரமம் கொடுத்துட்டேன்டின்னா."

நீதிமன்ற மணி அடித்தது. வக்கீல்கள் கோட்டை மாட்டிக்கொண்டு எழுந்தார்கள். மகள் அசையவில்லை. அழுவாள், கத்துவாள், கிளாஸைத் தூக்கி எறிவாள் என்று தந்தி காத்திருந்தாள். எதையாவது செய்துவிட்டால் தேவலை என்றிருந்தது.

"நான் வாயத் திறந்து கேக்காம இருந்திருந்தா சொல்லியிருப்பீங்களா?"

"மாட்டேன்."

"அம்மாவும் சொல்லல." மகள் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். "உங்கள ரெண்டு ஆளாப் பிரிச்சு வச்சிருந்திருக்காங்க. அந்த வீட்டு ஆளச் சாகடிச்சிட்டு, காலேஜ் தந்திய மட்டும் எனக்காக வச்சிருந்திருக்காங்க. வீட்ல பூட்டிக் கிடந்த நேரமெல்லாம் எங்களுக்கு அந்தக் கதைங்கதான். உங்க சைக்கிள், உங்க வார்டன், உங்க மதிலு. அவங்க எனக்குன்னு விட்டுட்டுப் போனது அது ஒண்ணுதான் ஆண்ட்டி." அவள் குரல் இப்போதும் உயரவில்லை. "அதையும் இன்னைக்கு நீங்க வாங்கிக்கிட்டீங்க."

தந்தி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். டவாலி போட்ட நீதிமன்றச் சேவகன் கேன்டீன் வாசலில் வந்து நின்று, "ஸ்டெனோ அம்மா, ஐயா உட்கார்ந்துட்டாரு" என்றான். "வர்றேன்னு சொல்லு" என்று அவனை அனுப்பிவிட்டுத் திரும்பினால் மகள் இல்லை. வெளிக்கதவைத் தாண்டிச் சாலையில் இறங்கியிருந்தாள். தந்தி பின்னாலேயே போனாள். கூப்பிட்டால் எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. இவ்வளவு நேரம் பேசியும் அவள் பெயரைக் கேட்கவில்லை. பத்தடி தள்ளியே நடந்தாள். அந்தப் பெண் நின்றால் தானும் நின்றாள்.

நிறுத்தத்தில் பேருந்து ஏற்கெனவே நின்றிருந்தது. மகள் ஏறி, நடுவில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இருக்கையில் பையை வைத்தாள். ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். தந்தி நிழற்குடையின் தூணை ஒட்டி நின்றாள். உள்ளே நீதிபதி காத்திருப்பார், கூண்டில் அந்தப் பெண் ஏறியிருப்பாள், யாரோ தன்னைத் தேடிக்கொண்டிருப்பார்கள். கால் நகரவில்லை.

பேருந்து உறுமிக் கிளம்பும் நேரத்தில் இரண்டு கையிலும் மூட்டையோடு ஒரு பெண் ஓடிவந்து ஏறினாள். மூச்சு வாங்கிக்கொண்டு ஒவ்வொரு இருக்கையாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். யாரும் நகரவில்லை. மகளின் இருக்கை அருகே வந்து அவள் ஏதோ கேட்டது தெரிந்தது. மகள் நிமிர்ந்து பார்த்தாள். பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோடு ஒட்டி நகர்ந்தாள். உட்கார்ந்தவளின் மூட்டைகளில் ஒன்றையும் வாங்கி, தன் பைக்கு மேலே வைத்து, இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டாள். மூட்டை அவள் முகத்தை மறைத்தது. பேருந்து திருப்பத்தில் சாய்ந்து திரும்பியது.